வால்யூம் குமிழில் கறுப்பு டேப்

ராயப்பன்பட்டித் திராட்சை குடோனின் தகரக் கூரை ஓட்டை வழியாக விழுகிற மத்தியான வெயிலில், சுரேஷ்கண்ணனின் பேஸ் கிடார் ஆம்ப்ளிஃபயர் குமிழ் மேல் கறுப்பு டேப் மினுங்குகிறது. தன் கிடாரை மிஞ்சி யாரும் வால்யூமைக் கூட்டிவிடக் கூடாதென்று திலீபன் ஒட்டினது. அதில் முறைத்துக்கொண்டு பேண்ட் குழுவை விட்டே போன சுரேஷ், திலீபன் மன்னிப்புக் கேட்டு எழுதின மெட்டல் ராக் பாட்டுக்காக இன்றுதான் திரும்பியிருக்கிறான். மகிழனின் டிரம்ஸ் இடியில் காலிப் பெட்டிகள் அதிர்கின்றன. “உங்க கையக் கட்டினேன், என் கை மரத்துப்போச்சு” என்று அந்தப் பாட்டைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே திலீபன் குனிந்து டேப்பை உரிக்கிறான். உரித்த கை, பழக்கதோஷத்தில், குமிழைப் பிடித்துச் சத்தத்தைக் குறைக்கப் போகிறது. “ஏலே, நீ பாட்டப் பாரு” என்று சிரித்தபடி சுரேஷ் அந்தக் கையைத் தன் கையால் மூடி, சேர்த்தே கடைசிவரை கூட்டுகிறான். திலீபனின் குரல் இப்போது ஒருவருக்கும் கேட்கவில்லை. அவன் பாடிக்கொண்டேதான் இருக்கிறான்.