நாற்கரப் பேரம்

“சதுரம் பட்டம் ஆகாதுங்க, ஐயா,” என்றான் மத்தியாஸ்.

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை பேசுகிற பேச்சா இது? துணைக்கு வந்த தாய்மாமன் வாயில் போட்ட முறுக்கைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா ஜவுளிக்கடை மரியஜோசப் மட்டும் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

ஈப்போ பாசாரில் அவர் கடையை அறியாதவர் கிடையாது. அவரிடம் பேரம் பேசித் தோற்காதவரும் கிடையாது. முதல் விலைக்கே தலையாட்டுகிறவன் ஒன்று ஏமாளி, இல்லையேல் கள்ளநோட்டு வைத்திருப்பவன் என்பது அவர் வேதம். மாப்பிள்ளைகளையும் அதே தராசில்தான் நிறுத்தார்.

மகள் அகதா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். காற்றாடி வடிவ நாற்கரத்துக்கு அவள் பாடத்தில் பட்டம் என்று பெயர். “சதுரமும் ஒரு பட்டம்தாங்கிறா எம் மக. நீங்க என்ன சொல்றீங்க?” என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். தைப்பிங்கிலிருந்து வந்த அரசாங்கக் குமாஸ்தா, பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். தஞ்சோங் மாலிம் மருந்துக்கடைக்காரரோ கேள்வி முடியுமுன்பே ஆமாம் போட்டார். இருவருக்கும் காப்பி கிடைத்தது, பெண் கிடைக்கவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் மகளைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தாள் தாய் ஆலிஸ்.

திரை விலகியது. கூப்பிடாமலே காப்பித் தட்டுடன் வந்து நின்றாள் அகதா.

“ஏன் ஆகாது?”

“பட்டத்துல ரெண்டு பக்கம் நீளம், ரெண்டு பக்கம் குட்டை,” என்றான் மத்தியாஸ். “சதுரத்துல குட்டை எங்க இருக்கு, டீச்சர்?”

“குட்டை இருக்கணும்னு யாரு கேட்டா? ஒட்டுன பக்கம் ரெண்டு சமமா இருக்கணும், மிச்ச ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும். பட்டத்துக்கிட்ட நாம கேக்குறது அவ்ளோதான். சதுரம் அதக் குடுக்குது. நாலுமே சமம்ங்கிறது மேல விழுற கொசுறு.”

கொசுறு என்ற சொல் காதில் விழுந்ததும் மரியஜோசப்புக்கு முகம் மலர்ந்துவிட்டது. சம்பள நாளில் ரப்பர் தோட்டத்துக்குத் துணிமூட்டையோடு போகிறவர் அவர். சாயம் போகாத சேலை கேட்ட கருப்பம்மாளுக்கு, சாயமும் போகாமல் கரையும் போட்ட சேலையைக் கொடுத்தால், நான் கேட்டது இதல்ல என்று திருப்பிக் கொண்டுவருவாளா என்று நியாயம் கேட்டார்.

மத்தியாஸ் அசையவில்லை. கொசுறுக்கெல்லாம் இடம் கொடுத்தால் நாளைக்குச் சாய்சதுரம் வரும், இணைகரம் வரும், செவ்வகமும் வாசலில் வந்து நிற்கும். அப்புறம் பிள்ளைகள் எதைத்தான் பறக்கவிடுவார்கள் என்றான்.

“சாய்சதுரம் தாராளமா வரட்டும்,” என்றாள் அகதா. “மத்த ரெண்டுலயும் சமமான பக்கம் எதிரும் புதிருமா நிக்குது. ஒட்டிக்கவே இல்ல. அதுங்க வராது.”

மரியஜோசப் எழுந்துபோய், துணி சுற்றும் தாளையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்தார். மகள் வரைந்து தர, ஒவ்வொன்றாக வெட்டி மூலைக்கு மூலை மடித்தார். சதுரம் அச்சாகப் பொருந்தியது. சாய்சதுரமும் அப்படியே. செவ்வகமும் இணைகரமும் எந்த மூலைவிட்டத்தில் மடித்தாலும் ஒரு முனையை வெளியே நீட்டின.

“தம்பி, முனை நீட்டுற ரெண்டும் உங்க பக்கம். ஒழுங்கா மடியுற ரெண்டும் எம் மக பக்கம். இதோட முடிச்சுக்கலாம், போலேவா, சம்மதமா?”

“சாய்சதுரத்த வேணும்னா விட்டுத் தர்றேங்க. சதுரத்த விட முடியாது.”

தாய்மாமன் அவன் தொடையைக் கிள்ளினார். ஆலிஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். இவ்வளவு பிடிவாதக்காரர் தனக்கு வேண்டாம் என்று சொல்லி, குடிக்காத காப்பியை அகதா தட்டில் எடுத்து வைத்தாள். மத்தியாஸ் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டான்.

வாங்க வந்தவன் படியிறங்கும்போதுதான் பேரம் பழுக்கும். அந்த வித்தை தெரிந்த மரியஜோசப் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். இங்கே கொஞ்சம் தட்டி, அங்கே கொஞ்சம் தட்டி, கடைசியில் இரு தரப்பையும் ஒரே விலைக்குக் கொண்டுவந்தார்: சதுரம் பட்டம்தான், ஆனால் சொந்தப் பெயர் இருப்பதால் அதைச் சதுரம் என்றே கூப்பிடுவது.

“சரிங்க,” என்று மத்தியாஸ் மனமில்லாமல் குடையைக் கீழே வைத்தான்.

“இவ்ளோ நேரம் எங்கிட்ட நின்னு பேசுனவன் பாசார்லயே கெடையாதுலா,” என்றார் மரியஜோசப். “எம் பொண்ண இவருக்குத்தான் குடுப்பேன்.”

சொன்ன சூட்டோடு, நாள் குறிக்கத் தாய்மாமனை இழுத்துக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் புறப்பட்டார். ஆலிஸ் ஆண்டவருக்கு நன்றி சொல்லியபடி புதுக்காப்பி போட அடுப்படிக்கு ஓடினாள்.

கூடத்தில் இருவர் மட்டும் நின்றார்கள்.

“சனிக்கிழமை டீச்சர் பயிற்சி வகுப்புல, சதுரம் பட்டமே இல்லன்னு நான் அடம்பிடிச்சப்ப, மழைக்காலம் பூரா படம் போட்டு என்னை மாத்துனதே நீங்கதான்,” என்றாள் அகதா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “இன்னிக்கு என்னோட பழைய வாதத்த ஒண்ணு விடாம அப்பாகிட்ட வித்துட்டீங்களே.”

“என்னைக் கட்டிக்கணும்னா எங்கப்பாகிட்டத் தலையாட்டிராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னது நீதானே,” என்றான் மத்தியாஸ்.