தாடி எடுத்த காலை

நடிகன் சஜினுக்கு ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி வேஷம், மக்களே. தாடி வளர்த்தான். கீரிப்பாறைத் தோட்டத்தில் தங்கி, பட்டையைச் சாய்வாகக் கீறித் தேங்காய்ச் சிரட்டையில் பால் பிடிக்கப் பழகினான். படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் விடியுமுன் பால்வெட்டுக் கத்தியோடு எழுந்து நின்றான்.

மனைவி ஆதிரா கத்தியை ஒளித்துவைத்தாள். "ஷூட்டிங் தீந்தாச்சுல்லா? தாடிய எடுத்துட்டு எனக்க மாப்பிளையா வாங்க."

"சரிட்டி. பால்வெட்டுக்காரன இன்னைக்கு வழியனுப்பீரலாம்," என்று சிரித்தான்.

சவரம் செய்கையில் கன்னத்தில் சாய்வாகக் கீறிவிட்டது. அவள் பஞ்சோடு ஓடிவந்தாள். வெள்ளையாக வடிந்தது. சோப்பு நுரை என்று துடைத்தாள். விரலில் ஒட்டி நூலாக இழுத்தது. மறுபடியும் வடிந்தது.

சஜின் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"ஏட்டி, பாலு வீணாப் போகுது. சிரட்டைய எடு."