யோர்லின் பக்கத்தில் யாரும் இல்லை

ஸ்பெயினிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்கு வந்து, ஒரு பேஸ்பால் அணிக்கு மருத்துவராகச் சேர்ந்த டாக்டர் பெகோன்யாவுக்கு அன்று முதல் ஆட்டம். விதிகள் ஒன்றும் தெரியாது. பந்தெறியும் யோர்லினை யாருமே சீந்தவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பியவன். இடைவேளையில் அவன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

"பாவம், தண்ணியாவது கொடுத்துட்டு வரேன்." பெகோன்யா பாட்டிலோடு எழுந்தாள்.

பயிற்சியாளர் ஃபெர்மின் பாய்ந்து மறித்தார். "அவன் பக்கமே போகாதீங்க டாக்டர்!"

"அப்படி என்ன தப்பு பண்ணிட்டான்?"

"மாதாவே! ஆட்டம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

யோர்லின் கடைசிப் பந்தை எறிந்தான். மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சரின் கையுறைக்குள் அது வெடிபோல் இறங்கியது. மட்டை வெறும் காற்றை அடித்தது. மறுகணம் மொத்த அணியும் அவன்மேல் விழுந்தது.

"ஐயோ, அடிக்கிறாங்க!"

"முத்தம் கொடுக்கிறாங்க," என்ற ஃபெர்மினின் கண்கள் நிறைந்திருந்தன. "இன்னிக்கு முழுக்க அவன் பந்தை ஒருத்தன்கூட அடிச்சு ஓடலை. என் ஆயுசுல இப்படிப் பார்த்ததில்லை. நடுவுல யாராவது பேச்சுக் கொடுத்தா அந்த அதிர்ஷ்டம் கலைஞ்சிடும்னு எங்களுக்கு ஒரு பயம்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு யோர்லின் நேராக அவளிடம்தான் வந்தான்.

"அந்தத் தண்ணியை இப்பக் கொடுங்க டாக்டர். ஆரம்பத்துலேர்ந்து தாகம். கேட்கத்தான் எனக்கும் பயமா இருந்துச்சு."