ரேடியோ மண்டோர்

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ நாடகம் முடிந்ததும், லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அங்கமுத்துவைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. நகைச்சுவை நடிகர் கலியபெருமாள் அதில் மண்டோராக வருவார். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது இருமுவது, ரப்பர் பால் வாளியில் விரல் விட்டு “தண்ணி கலந்தியா?” என்று கேட்பது, எல்லாம் அங்கமுத்துவேதான். முடிவில் அக்கார்டியன் வாசித்து மண்டோர் பாட்டு வேறு.

“நம்ம லயத்து ஆளுங்கள்ல எவனோ அந்த நடிகர்கிட்ட போய்ச் சொல்றான் லா,” என்றார் அங்கமுத்து, மனைவி பஞ்சாலையிடம்.

பால்வெட்டுக்காரன் தண்டபாணிதான் அதிகம் சிரித்தான். முழங்கால் வலிக்காரனான அவன்மேல் சந்தேகப்பட்டு, அங்கமுத்து மறுநாளே அவனை மேட்டிலுள்ள மலைக்காட்டு வெட்டுக்கு மாற்றினார். அடுத்த ஞாயிறு, ரேடியோ மண்டோரும் ஒரு நொண்டியை மலைக்கு அனுப்பினார்.

அங்கமுத்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சிரம்பானில் இருந்த நடிகர் வீட்டுக்கே போய்விட்டார்.

“எவன் வந்து சொன்னான்? பேரச் சொல்லுங்க.”

கலியபெருமாள் மடியிலிருந்த அக்கார்டியனை இறக்கி வைத்தார். “மொதல்ல உக்காருங்க மண்டோரே. யார் மேல சந்தேகம், அவன என்ன செஞ்சீங்க, விவரமா சொல்லுங்க.”

அங்கமுத்து ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். நடிகர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“இப்பச் சொல்லுங்க. எவன் அவன்?”

“உங்க தோட்டத்துலேருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல. இப்படிக் கேட்டுக்கிட்டு வந்த மண்டோருங்கள்ல நீங்க பதினோராவது ஆளு. போன வாரம் போட்டது புக்கிட் பெலண்டோக் தோட்டத்து மண்டோர் சொன்னது.”

நடிகர் நோட்டை மூடினார்.

“உங்களது வர்ற ஞாயித்துக்கெழம.”