பூட்டுக் கொக்கி

"முன்பக்கத்தப் பாக்காதீங்க தம்பி. திருப்பிப் பாருங்க" என்றாள் பழைய நகை பார்க்கும் என் கடைக்கு வந்திருந்த அந்த அம்மா.

எனக்கே பாடம். சட்டையில் குத்திக்கொள்ளும் ப்ரூச்சின் வயதைச் சொல்ல அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது, முதுகைப் பார்க்க வேண்டும் என்று பத்து வருஷத்துக்கு முன் அவளிடம் பெருமையடித்ததே நான்தான். கம்பியை வளைத்துவிட்ட வெறும் கொக்கி என்றால் பழசு. ஊசி நழுவாமல் பூட்டிக்கொள்ளும் கொக்கி என்றால் பிற்காலத்தது.

அன்று அவள் கொண்டு வந்ததில் வெறும் கொக்கிதான். நூறு வருஷத்துக்குக் குறையாது என்றேன். வீட்டுக்குப் போன கையோடு அதை மகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

இன்று கொண்டு வந்த ப்ரூச் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. உறைமேல் ஏதோ எண் ஒட்டியிருந்தார்கள்.

ஆற்றில் கிடைத்த உடலின் சட்டையில் குத்தியிருந்ததாம். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லையாம்.

மகளைக் காணோம் என்று அவள் போலீஸ் ஸ்டேஷன் படியேறி இறங்கி இருபது நாள் ஆகிறது. கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். போட்டுவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

"இதுல பூட்டு இருக்கு, பாத்தீங்களா? எங்களோடது வெறும் கொக்கி. அப்ப இது வேற யாரோடதோதானே? அத மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போதும்."

சொல்லும்போதே அவள் முகத்தில் களை வந்துவிட்டது. வழக்கில் ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். அதற்குத் தேவையே இல்லை. அவளைப் பார்க்காமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

"எந்த வருஷத்துக் கொக்கின்னும் சேத்துப் போட்டுடுங்க தம்பி."

எங்கள் தொழிலில் யாரும் வருஷம் சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டோம். முன்னே பின்னே பத்து வருஷம் விட்டு, மென்று முழுங்கித்தான் சொல்வோம்.

இந்தக் கொக்கிக்கு மட்டும் எனக்குத் தேதியே தெரியும். போன மாதம் ஒன்பது, செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

மகள் தனியாக வந்திருந்தாள். பழைய கொக்கி தேய்ந்துபோய் ஊசி நிற்கவில்லை. நான்தான் அதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துப் பற்றவைத்தேன்.

"அம்மாவுக்குத் தெரியாம மாத்திக் குடுங்கண்ணே. பழசுல கை வெச்சது தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்று சிரித்தாள்.

இந்த நிமிஷம் வரை அம்மாவுக்குத் தெரியாது.