தடிக்குச் சொந்தக்காரர்

"இவன் மனுஷனே இல்லைங்க. பச்சைத் திருடன்."

அவள் மேசையில் அறைந்த அறையில் லேப்டாப் ஒரு துள்ளு துள்ளியது. துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் யாரை என்று கேட்கவில்லை. இந்த வாரம் முழுக்க வீட்டில் வசவெல்லாம் ஒரே ஆளுக்குத்தான். பூட்டு.

பூட்டு என்பது பட்டப்பெயர். அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. ஓய்வு நேரத்தில் ஓர் ஆன்லைன் விளையாட்டுக்குச் சம்பளமில்லாமல் கோடிங் எழுதுகிறாள். விளையாட்டு நடப்பது ஒரு விண்வெளி நிலையத்தில். டாக்டர், மெக்கானிக், காவலர் என்று ஆளுக்கொரு வேஷம். கூட்டத்தோடு கூட்டமாக ரெண்டு நாசவேலைக்காரர்கள். யார் எழுதிய கோடிங்கும் விளையாட்டைக் கவனிக்கிற இந்த ஆள் பார்த்துத் திறந்துவிட்டால்தான் விளையாட்டுக்குள் போகும். அதனால்தான் பூட்டு.

இப்போது விவகாரம் காவலர் தடி. ஒரு தட்டு தட்டினால் போதும், எதிராளி மயங்கி விழுவான். காவலர்களுக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்குத் திண்டாட்டம். வந்த வேகத்தில் தரையில் கிடப்பதற்கு யார் விளையாட வருவார்கள்? கூட்டம் குறைய ஆரம்பித்தது.

தடியின் வேகத்தைக் குறைக்கலாமென்றால், அதன் கோடிங் பழைய நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடந்தது. தடியைத் தொட்டால் எங்கோ இருக்கும் ஆக்சிஜன் அறைக் கதவு திறக்காது. ஒருத்தரும் கிட்டேயே போகவில்லை. இவள் போனாள். லீவு நாளையெல்லாம் அதில் கொட்டிச் சிக்கெடுத்தாள். மூன்று தட்டு தட்டினால்தான் மயக்கம் என்று மாற்றினாள். கதவும் ஒழுங்காகத் திறந்தது.

பூட்டு என்ன செய்தான்? "இது சரிப்படாது" என்று எல்லோர் முன்னாலும் ஒரே வரியில் தள்ளிவிட்டான். காரணம் கேட்டு எழுதினாள். கல்லிடம் பேசின மாதிரிதான்.

வாரம் திரும்பவில்லை. இன்று அதே தடி, அதே மூன்று தட்டு, விளையாட்டுக்குள் வந்துவிட்டது. எழுதியவர் என்ற இடத்தில் பூட்டு.

"ஒரு வரி மாத்தலைங்க. 'இங்க கை வெச்சா கதவு போயிடும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க'ன்னு நான் கிண்டலுக்கு எழுதி வெச்சது கூட அப்படியே இருக்கு."

"அவர்கிட்டயே கேளேன்," என்றான் கணவன். "போன மாசம் விளையாட்டுல நீ சிகிச்சை மெஷினைச் சரி பண்ணினே. அதை உன் பேர்லதானே விட்டாரு? எல்லாரும் உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்களே."

"அது சுண்டைக்காய் வேலை. அதைத் திருடி என்ன பண்ணுவான்?"

அவள் கொதித்ததில் நியாயம் இருந்தது. மறுநாள் ஒரு மென்பொருள் கம்பெனியில் இண்டர்வியூ. நீங்கள் படித்தது வேறாயிற்றே, உங்கள் பேரில் ஓடுகிற பெரிய வேலை ஏதாவது காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். லேபை விட்டு வெளியே வர அவளிடம் இருந்த ஒரே வழி அந்தத் தடி. அதையும் பிடுங்கிக்கொண்டால் வயிறு எரியுமா எரியாதா?

விளையாடுகிறவர்கள் எல்லோரும் கூடும் பொதுப் பக்கத்தைத் திறந்தாள். ஆறப்போடு என்று கணவன் எவ்வளவோ சொன்னான். யார் காதில் விழுந்தது? தன் நிஜப் பெயர், வேலை செய்யும் ஆஸ்பத்திரி, நாளைய இண்டர்வியூ, எல்லாவற்றையும் போட்டு, தடியை மாற்றியது நான்தான், இந்த ஆள் திருடன் என்று பொரிந்து தள்ளினாள்.

அரை மணி நேரம் கழித்துப் பூட்டின் பதில் வந்தது.

"இவர் சொல்வது பொய். தடியில் கை வைத்தது முழுக்க நான்தான். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்."

"திமிரைப் பார்த்தீங்களா? என்னையே பொய்க்காரிங்கிறான்."

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் தனக்கு வந்து குவிந்திருந்த செய்திகளைக் கவனித்தாள். ஆறுதல் சொல்ல நாலு நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தாள்.

முதல் செய்தி அவள் பிறப்பைப் பற்றி. அடுத்தது, எங்கள் தடியைக் கெடுத்த கையை ஒடிப்போம் என்றது. அதற்கடுத்து ஒரு போட்டோ. அவள் தினமும் நுழைகிற ஆஸ்பத்திரி கேட். கீழே, 'இங்கதானே வேலை? நாளைக்கு வர்றோம்.'

துணியைப் போட்டுவிட்டுக் கணவன் பக்கத்தில் வந்து நின்றான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போட்டோ அனுப்பியவனிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது.

'ஸாரி அக்கா, ஆள் மாறிப்போச்சு. அந்தாளே ஒத்துக்கிட்டான். அவன் வீடு எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.'

ஏற்கெனவே என்ற சொல்லையே அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு போனை எடுத்துப் பூட்டின் நம்பரை அழுத்தினாள்.

"சார்... எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன் பேரை மறைக்கணும்னு கேட்டா ஒத்துக்கிட்டிருப்பியா?" என்றார் பூட்டு. எரிச்சல் அப்படியேதான் இருந்தது. "முதல்ல அந்தப் பதிவை எடு. நாளைக்குக் கம்பெனியில என் நம்பரைக் கொடு. அங்க மட்டும் உண்மையைச் சொல்றேன்."