மந்திரியின் நாய்க்கதை

சவப்பெட்டியின் முன்னால் மண்டியிட்டதும் ஃபின்பார் கோட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடப் பழக்கம். இப்போதெல்லாம் முழங்கால் தரையில் பட்டாலே போதும்.

அன்றைக்கு அது மூன்றாவது துக்க வீடு. பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து ஊர்க் கவுன்சிலரானவர், இன்று தலைநகர் டப்ளினில் மந்திரி. ஆனாலும் தொகுதியில் ஒரு சாவைக்கூடத் தவறவிட்டதில்லை. தேர்தலுக்கு மூன்றே வாரம்; இந்தக் குடும்பத்தில் மட்டும் ஒன்பது ஓட்டு.

காரிலேயே டிரைவர் டெக்லான் துண்டுச்சீட்டை நீட்டியிருந்தான். "மாலக்கி டூமி, மரம் அறுக்கிற மில்லு. சம்சாரம் நொரீன். பேரை மாத்திடாதீங்க தலைவரே, போன வீட்டுல செத்தவர் பேரைச் சொல்லி மகனைக் கூப்பிட்டீங்க."

பெட்டிக்குள் நோயில் வற்றிப்போன முகம். ஜெபமாலை சுற்றிய கையில் பழைய தழும்பு ஒன்று. மில்லில் ரம்பம் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தார்.

உறவுக்காரர்களுக்கு வரிசையாகக் கை கொடுத்து வந்து, நொரீனின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"என்ன மனுஷன், நொரீன்! முதல் எலெக்‌ஷன்ல வீடு வீடா என்கூட வந்தாரே! ஒரு வாசல்ல நாய் என் மேல பாய்ஞ்சப்போ, குறுக்கே விழுந்து கடியை இவர் வாங்கிக்கிட்டாரு. இவர் இல்லேன்னா இன்னிக்கு நான் ஏது?"

இந்தக் கதையை எந்தச் சாவில் ஆரம்பித்தோம் என்று அவருக்கே மறந்துவிட்டது. எந்தப் பிணத்துக்கும் பொருந்தும். எழுந்து மறுக்கவும் போவதில்லை.

சாண்ட்விச் தட்டுப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. "அந்த நாய்க்கு இன்னும் பசி அடங்கலை போல!"

"போன மாசம் எங்கண்ணனைக் கடிச்சுது," என்றது இன்னொரு குரல். "ஈஸ்டருக்கு முன்னால கன்னிமடத்து மதரையும்."

ஃபின்பாருக்குக் காது மடல்வரை சுட்டது. ஒன்பது ஓட்டும் போனது கிடக்கட்டும், அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க நொரீன்," என்றார். வாழ்நாளில் முதல் முறையாக மைக் குரல் வரவில்லை. "எல்லாச் சாவுலயும் சொல்ற கட்டுக்கதை இது. உங்க வீட்டுக்காரர் யாருன்னே எனக்குத் தெரியாது."

நொரீன் கையை விடவில்லை. "மாலக்கியும் எல்லார்கிட்டேயும், அந்தக் கடியை வாங்கினது நான்தான்னு சொல்லிப் பார்த்தாரு. மந்திரியோட புளுகைத் தன் கதையா எடுத்து மாட்டிக்கிட்டான்னு ஊரே சிரிச்சுது. அப்புறம் வாயே திறக்கலை. கடைசிவரைக்கும் நம்பினது நான் ஒருத்திதான்."

"இதைப் போயி... நீங்க எப்படி நம்பினீங்க?"

"கடிச்சது எங்கப்பா வீட்டு நாய், ஃபின்பார்."